இயன்முறை சிகிச்சை உதவியாளர் யார், அவரை எப்படித் தேடுவது: அமெரிக்காவில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்கோ, பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் அப்பாவுக்கோ அமெரிக்காவில் இயன்முறை சிகிச்சை தொடங்கும்போது, முதல் நாள் விரிவாகப் பரிசோதித்தவர் ஒருவராகவும், அடுத்த நாளிலிருந்து பயிற்சி கொடுப்பவர் வேறொருவராகவும் இருப்பதைப் பார்த்துப் பல குடும்பங்கள் குழம்பிப் போகின்றன. முதலாமவர் இயன்முறை சிகிச்சையாளர். இங்கே எல்லோரும் அவரை பி.டி. என்பார்கள். இரண்டாமவர் பெரும்பாலும் இயன்முறை சிகிச்சை உதவியாளர், அதாவது பி.டி.ஏ. உதவியாளர் என்றதும் சக்கர நாற்காலி தள்ளுபவரை நினைத்துக்கொண்டு, "பெரியவர் ஏன் வரவில்லை?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவரே எல்லாம் முடிவு செய்வார் என்று நம்பி, சொல்ல வேண்டியதையெல்லாம் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. யார் எதை முடிவு செய்யலாம் என்பது தெரிந்துவிட்டால், எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி அதைத்தான் படிப்படியாகச் சொல்கிறது.

முதலில், அவர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

அமெரிக்க இயன்முறை சிகிச்சைச் சங்கம் 1967-இல் இந்தப் பணிக்கு ஒப்புதல் அளித்தது. 1969-இல் மினசோட்டாவிலும் மயாமியிலும் இருந்த இரண்டு கல்லூரிகளிலிருந்து முதல் 15 பேர் படித்து வெளிவந்தனர். இன்று பி.டி.ஏ. ஆக விரும்புபவர், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பை முடித்து, அதற்குள்ளேயே மருத்துவமனைப் பயிற்சியும் பெற்று, தேசிய அளவிலான தேர்வில் தேறி, தான் வேலை செய்யும் மாநிலத்தில் உரிமமோ சான்றிதழோ பெற வேண்டும். பி.டி. ஆக விரும்புபவர் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு வழக்கமாக மூன்று ஆண்டுகள் படித்து முனைவர் நிலைப் பட்டம் பெற வேண்டும். ஆகவே இருவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் முடிவெடுக்கும் அதிகாரத்தில்தான் இருக்கிறதே தவிர, கையின் பழக்கத்தில் அல்ல. பத்து, பதினைந்து ஆண்டுகள் முழங்கால் நோயாளிகளையே பார்த்துவரும் பி.டி.ஏ. ஒருவர், நேற்றுப் பட்டம் வாங்கிய பி.டி.யைவிட நன்றாக நடை பழக்கக்கூடும்.

இவர்களுடன் மூன்றாவது ஒருவரையும் நீங்கள் பார்ப்பீர்கள். படுக்கையைத் துடைப்பார், ஐஸ் பொதி எடுத்து வருவார், நோயாளியைச் சைக்கிளில் உட்கார வைத்து நேரத்தைக் குறிப்பார். அவரை எய்டு என்றோ டெக் என்றோ அழைப்பார்கள். அவருக்கு உரிமம் கிடையாது. பயிற்சியெல்லாம் அந்த இடத்திலேயே கற்றுக்கொண்டது. அவர் தனியாகச் செய்வதை, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் சிகிச்சையாகவே ஏற்று பணம் கொடுப்பதில்லை. பெயர்ப் பட்டையில் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்துகள் இருக்கின்றன என்று பார்ப்பதும், பட்டை இல்லையென்றால் "நீங்கள் பி.டி.யா, பி.டி.ஏ.வா?" என்று நேராகக் கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகாது.

அவர் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

பி.டி. வகுத்த சிகிச்சைத் திட்டத்துக்குள் பி.டி.ஏ. செய்யக்கூடியவை ஏராளம். தசையை வலுப்படுத்தும் பயிற்சி, நடைப் பயிற்சி, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறும் முறை, படியேற்றம், சமநிலைப் பயிற்சி, சூடு, குளிர், மின்தூண்டல் ஆகியவற்றோடு, வீட்டில் உள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலையே. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியை முழங்காலின் வெளிப்பக்கம் வைத்து அவர் அளப்பார். அந்தக் கருவியின் ஒரு கரம், இடுப்பருகே தொடை எலும்பு வெளிப்பக்கம் புடைத்திருக்கும் முனையை நோக்கியும், மற்றொன்று கணுக்கால் முனையை நோக்கியும் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் நடக்கச் சுமார் 70 டிகிரியும், சாதாரண நாற்காலியிலிருந்து வசதியாக எழ 90-க்குச் சற்று மேலும் முழங்கால் மடங்க வேண்டியிருக்கும் என்பதால், அம்மா எங்கே நிற்கிறார் என்பதை எந்த விளக்கத்தையும்விட அந்த எண் நன்றாகச் சொல்லும்.

முதல் மதிப்பீடு, நோய் நிலையை விளக்கித் தீர்மானிப்பது, சிகிச்சைத் திட்டம் வகுப்பது, இலக்குகளை மாற்றுவது, சிகிச்சையை முடித்து அனுப்புவது ஆகிய ஐந்தும் பி.டி.யின் கையில் மட்டுமே உள்ளவை. நோயாளிக்கு வலி அதிகமானால் பயிற்சியின் எண்ணிக்கையைக் குறைக்கவும், எடையை மாற்றவும், அன்றைக்கு நிறுத்தவும் பி.டி.ஏ.வுக்கு உரிமை உண்டு; ஆனால் "இனி தோள்பட்டைக்கும் சேர்த்துச் செய்வோம்" என்று புதிதாக ஒன்றைத் தொடங்க முடியாது. அப்பாவின் தோள் திடீரென்று வலிக்கத் தொடங்கி, பி.டி.ஏ. அதைத் தொடாமல் போனால் அது அலட்சியம் அல்ல, சட்டம். அதை பி.டி.க்குத் தெரிவிக்கும்படி கேட்பதே சரியான வழி.

தேடும் படி: ஆளை அல்ல, இடத்தைத் தேடுங்கள்

பி.டி.ஏ. தனியாகப் பலகை மாட்டிக்கொண்டு தொழில் நடத்த முடியாது. அவர் ஒரு பி.டி.யின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். எனவே "எங்கள் ஊரில் நல்ல பி.டி.ஏ. யாராவது இருக்கிறார்களா?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பதால் அதிகப் பயன் இல்லை. தேட வேண்டியது சிகிச்சை நிலையத்தை, அல்லது வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஹோம் ஹெல்த் நிறுவனத்தை.

எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் காப்பீடே தீர்மானிக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குவது நல்லது. பெற்றோர் 65 வயதைக் கடந்து, பச்சை அட்டையோடு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால், மாதச் சந்தா கட்டி மெடிகேரில் சேர முடியும். அசல் மெடிகேர் என்றால், அதை ஏற்கும் எந்த நிலையத்துக்கும் போகலாம். ஒவ்வோர் ஆண்டும் முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகைக்கு (டிடக்டிபிள்) பிறகு வெளிநோயாளிச் சிகிச்சையின் 20 விழுக்காடு உங்கள் பங்கு. தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் என்றால், அவர்களுடைய பட்டியலில் உள்ள நிலையம்தானா என்பதையும், முன் அனுமதி வேண்டுமா என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் போய்விட்டுப் பின்னால் கட்டணச் சீட்டோடு மல்லுக்கட்டும் குடும்பங்கள் ஏராளம்.

சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோரின் நிலை வேறு. பயணியர் காப்பீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்த மூட்டு வலிக்குப் பணம் கொடுப்பதில்லை. கையிலிருந்து கட்டுவதென்றால், 2022 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, காப்பீடு இல்லாதவருக்கு முன்கூட்டியே எழுத்தில் கட்டண மதிப்பீடு கொடுக்க வேண்டியது நிலையத்தின் கடமை. குறைந்தது மூன்று வேலை நாள்களுக்கு முன்பே நேரம் வாங்கிவிட்டு அதைக் கேளுங்கள். கடைசியில் வரும் தொகை அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் முறையிட வழி இருக்கிறது. மெடிகேர் தொடர்பாகக் கீழே சொல்லியிருப்பவை இவர்களுக்குப் பொருந்தாது. மற்ற எல்லாம் பொருந்தும்.

வீட்டுக்கே வர வேண்டுமா, நிலையத்துக்குப் போக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. மெடிகேரின் கணக்கில் வீட்டுச் சிகிச்சை பெற, நோயாளி வெளியே போவது கடினமான நிலையில் இருக்கிறார் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். பிறர் துணையோ வாக்கரோ இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது, தாண்டினாலும் மிகவும் களைத்துப்போவார் என்பதே அதன் பொருள். படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை. "வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்தால் வீட்டுச் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ" என்று அஞ்சும் பெரியவர்களை நிறையப் பார்க்கலாம். வழிபாட்டுக்காக வெளியே செல்வதை மெடிகேர் விதிகள் வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. தகுதி இருந்தால், அசல் மெடிகேரில் வீட்டுச் சிகிச்சைக்கு உங்கள் பங்காக எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஹோம் ஹெல்த் நிறுவனங்களை ஒப்பிட மெடிகேரின் சொந்த இணையதளத்திலேயே கேர் கம்பேர் என்ற பகுதி இருக்கிறது. அஞ்சல் எண்ணைக் கொடுத்தால் அருகில் உள்ளவற்றை நட்சத்திர மதிப்பீட்டோடு காட்டும். நட்சத்திரம் ஒன்றை மட்டும் நம்பாமல், அறுவை செய்த மருத்துவரின் அலுவலகத்தில் தங்கள் நோயாளிகளை எங்கே அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். அந்த அலுவலகத்துச் செவிலியருக்கு எந்த இடத்திலிருந்து ஒழுங்காக அறிக்கை வருகிறது என்பது தெரிந்திருக்கும்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

வரவேற்பாளரிடம் நீளமாகப் பேசத் தேவையில்லை. மதிப்பீட்டை யார் செய்வார், அதன் பின் வரும் அமர்வுகள் பி.டி.யுடனா பி.டி.ஏ.வுடனா, ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தானா, அந்த நேரத்தில் அவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், பி.டி. அதே கட்டடத்தில் இருப்பாரா என்று கேட்டால் போதும். என் கணிப்பில் இவற்றில் மிக முக்கியமானது, ஒரே ஆளா என்ற கேள்வி. வாரத்துக்கு மூன்று நாள், மூன்று வெவ்வேறு முகங்கள் என்றால், அப்பாவின் இடது கால் எப்போது இழுக்கிறது என்பதை யாரும் கவனித்து நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

பி.டி. கட்டடத்தில் இருப்பது பற்றி ஒரு விளக்கம். தனியார் நிலையங்களில் பி.டி.ஏ. வேலை செய்யும்போது பி.டி. உடன் இருந்தாக வேண்டும் என்று மெடிகேர் முன்பு வைத்திருந்த விதி 2025 ஜனவரி முதல் தளர்த்தப்பட்டது. இப்போது தொலைபேசியில் கிடைக்கும் நிலையில் இருந்தாலும் போதும். மாநிலச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். கலிபோர்னியாவில், எடுத்துக்காட்டாக, ஒரு பி.டி. ஒரே சமயத்தில் இரண்டு பி.டி.ஏ.க்களுக்கு மேல் மேற்பார்வை செய்யக்கூடாது.

உரிமத்தைச் சரிபார்க்கும் படி

இதற்கு ஐந்து நிமிடம் ஆகும், செலவு எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் நுகர்வோர் நலத்துறையின் தளத்திலும், நியூ ஜெர்சியில் நுகர்வோர் விவகாரப் பிரிவின் தளத்திலும், நியூயார்க்கில் கல்வித்துறையின் கீழ் இயங்கும் தொழில்முறை அலுவலகத்தின் தளத்திலும், டெக்சாஸில் இயன்முறை மற்றும் செயல்முறை சிகிச்சைத் தேர்வாளர் மன்றத்தின் தளத்திலும் பெயரை இட்டுத் தேடலாம். உரிமம் நடப்பில் உள்ளதா, எப்போது முடிகிறது, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள்.

நம்மவர்களுக்கென்று ஒரு சொல். சென்னையிலோ கோவையிலோ இயன்முறை சிகிச்சையில் இளநிலைப் பட்டமான பி.பி.டி. படித்துவிட்டு இங்கே வந்து, இன்னும் உரிமம் பெறாத தெரிந்தவர் ஒருவர் தமிழ்ச் சங்கத்தில் நிச்சயம் இருப்பார். அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சான்றிதழ்கள் இங்கே மதிப்பீடு செய்யப்பட்டு, தேர்வும் எழுதி, மாநில உரிமம் பெறும்வரை அவர் சிகிச்சையாளராகப் பணி செய்ய முடியாது. பயிற்சியின்போது அம்மா தவறி விழுந்தால் உங்களுக்கும் சிக்கல், அந்த நண்பருக்கும் எதிர்காலத்தில் உரிமம் கிடைப்பதில் சிக்கல் வரக்கூடும். மருத்துவமனைக்குத் துணையாக வரவும், கேட்க வேண்டியதை எழுதித் தரவும் அவரைக் கேளுங்கள், அது பேருதவி.

மதிப்பீட்டு நாள்: இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது

பி.டி.ஏ.வின் கைகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் இந்த நாளில் எழுதப்படும் திட்டம்தான். இலக்குகளை பி.டி. எழுதும்போது நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், வழக்கமான இலக்குகள் எழுதப்படும்: வாக்கர் இல்லாமல் இத்தனை அடி நடப்பது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இத்தனை படி ஏறுவது, காரில் ஏறி இறங்குவது. அவை தேவையே. ஆனால் அம்மாவின் நாள் எப்படிப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பூஜை அறையில் தரையில் உட்கார வேண்டும், காய் நறுக்கத் தாழ்வான மணையில் உட்காருவார், ஊருக்குத் திரும்பினால் அங்கே இந்தியக் கழிப்பறைதான், பதினெட்டு மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டும் என்பதையெல்லாம் அன்றைக்கே சொல்லுங்கள். மூட்டு மாற்றிய முழங்காலோடு சம்மணம் போடலாமா, கூடாதா என்பதை அறுவை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; கூடாது என்றால், தரையில் தவறி விழுந்தால் எழுந்துகொள்வது எப்படி என்பதையும், பூஜைக்கு உயரமான முக்காலி பயன்படுத்துவதையும் இலக்கில் சேர்க்கச் சொல்லலாம். ஆறு வாரம் கழித்து பி.டி.ஏ.விடம் "தரையில் உட்காரச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டால், அவர் பி.டி.யிடம் திரும்பிப் போய்த் திட்டத்தை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

உடை விஷயத்தையும் பேசிவிடுங்கள். நடைப் பயிற்சியின்போது நோயாளியின் இடுப்பைச் சுற்றி அகலமான துணிப் பட்டை ஒன்றைக் கட்டி, பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டே பி.டி.ஏ. நடப்பார், கெய்ட் பெல்ட் என்பது அதன் பெயர். புடவையின் கொசுவத்துக்கு மேல் அதைக் கட்டினால் துணி வழுக்கும், பட்டை மேலே ஏறும், கொசுவம் காலில் தட்டும். வீட்டுக்குள் நைட்டியோடு இருப்பவர்களுக்கும் முழங்காலைக் காட்டுவதில் கூச்சம் இருக்கும். தளர்வான சுரிதார் பேன்ட்டும் பின்பட்டை உள்ள காலணியும் போதுமானவை. பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்றால் அதைத் தயங்காமல் கேட்கலாம். எப்போதும் கிடைப்பார் என்ற உறுதி இல்லை, ஆனால் கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான்.

மொழிபெயர்ப்பாளரையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கூட்டாட்சி அரசின் நிதி பெறும் மருத்துவ நிலையங்கள், ஆங்கிலம் தெரியாத நோயாளிக்குக் கட்டணமின்றி மொழி உதவி தர வேண்டும். தமிழுக்குப் பெரும்பாலும் தொலைபேசி வழியாக ஆள் கிடைப்பார். நீங்களே பேசிவிடலாம் என்று தோன்றும். ஆனால் மகனுக்கு முன்னால் சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாததை எந்த அம்மாவும் சொல்ல மாட்டார், அது தெரியாமல் நடைப் பயிற்சியைத் திட்டமிடவும் முடியாது. வயது வராத பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதோ, அவசர நிலை தவிர, விதிகளுக்கே புறம்பானது.

அமர்வுகள் நடக்கும்போது

ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று பி.டி.ஏ. கேட்பார். நம் பெரியவர்கள் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று "பரவாயில்லை" என்பார்கள், அவர் இரண்டு என்று எழுதிக்கொள்வார், பயிற்சியைக் கூட்டுவார். அன்று இரவு தூங்க முடியாமல் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, வலி மாத்திரை எப்போது போட்டார், எந்தப் பயிற்சிக்குப் பிறகு வீக்கம் ஏறியது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி பி.டி.ஏ. கையில் கொடுத்துவிடுங்கள். மாத்திரை சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து அமர்வு அமைந்தால் முழங்காலை மடக்குவது எளிது என்பதால், நேரத்தையும் அதற்கேற்பக் கேட்டு வாங்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தாளில் தருவார்கள். அனுமதி கேட்டு, அம்மா செய்யும்போதே பி.டி.ஏ. குரலோடு ஒரு காணொளி எடுத்துக்கொள்வது அந்தத் தாளைவிட உதவும். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் அவர் செய்ய வைப்பதைக் காட்டிலும், மற்ற நாள்களில் வீட்டில் நடப்பதுதான் மூட்டை மடக்குகிறது.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உடனே அறுவை மருத்துவரின் அலுவலகத்தை அழையுங்கள். அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலோ மார்பு வலியோ வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் 911-ஐ அழையுங்கள். அமர்வின் நடுவே இப்படி எதையாவது பி.டி.ஏ. கண்டால் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

பி.டி. முதல் நாளோடு மறைந்துவிடக் கூடாது. மெடிகேர் விதிப்படி வெளிநோயாளிச் சிகிச்சையில் பத்துச் சிகிச்சை நாள்களுக்குள் ஒருமுறையாவது பி.டி. முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும்; வீட்டுச் சிகிச்சையில் 30 நாளைக்கு ஒருமுறையாவது நேரில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். அந்த நாள் எது என்று பி.டி.ஏ.விடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துவைத்தால், இலக்கில் மாற்றம் கேட்க வேண்டியதையெல்லாம் அன்றைக்கென்று சேர்த்துவைக்கலாம்.

குறிப்பையும் கட்டணச் சீட்டையும் படிப்பது

ஒவ்வொரு அமர்வுக்கும் எழுதப்படும் குறிப்பைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு. நிலையத்தின் இணைய வாசலிலேயே பெரும்பாலும் கிடைக்கும். கீழே கையொப்பத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகள், அன்று யார் சிகிச்சை செய்தார் என்பதைச் சொல்லிவிடும். கட்டண விவரத்தில் 97110 என்றால் பயிற்சி, 97116 என்றால் நடைப் பயிற்சி, 97150 என்றால் குழுவாகச் செய்தது. மெடிகேருக்கு அனுப்பும் வெளிநோயாளிக் கணக்கில், பி.டி.ஏ. செய்த சிகிச்சையின் எண்ணுக்குப் பின்னால் சி.க்யூ. என்ற குறி சேரும். 2022 முதல் அந்தச் சேவைக்கு மெடிகேர் தரும் தொகை வழக்கமானதில் 85 விழுக்காடு மட்டுமே. எய்டு ஒருவர் மட்டும் பக்கத்தில் நின்ற நாளுக்குத் தனிக் கவனிப்புப் பயிற்சி என்று கணக்கு வந்திருந்தால், நிலைய மேலாளரிடம் தேதியைச் சொல்லி விளக்கம் கேளுங்கள்.

ஒத்துவராதபோதும், முடியும்போதும்

பி.டி.ஏ.வின் முறை ஒத்துவரவில்லை என்றால் முதலில் அவரிடமே சொல்வதும், அடுத்து பி.டி.யிடம் சொல்வதும், அதற்குப் பிறகு வேறு ஆளைக் கேட்பதும் முறை. இது இங்கே அன்றாடம் நடப்பது. யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உரிமம் இல்லாதவர் சிகிச்சை செய்தது, தகாத முறையில் தொட்டது, செய்யாததைச் செய்ததாக எழுதியது போன்றவற்றை மேலே சொன்ன மாநில மன்றங்களுக்கே நேரடியாக எழுத்தில் அனுப்பலாம்.

சிகிச்சையை முடிக்கும் முடிவை பி.டி. எடுக்க வேண்டும் என்பதால், "அடுத்த வாரத்தோடு சரி" என்று பி.டி.ஏ. சொன்னால் பி.டி.யின் கடைசி மதிப்பீடு எப்போது என்று கேளுங்கள். முன்னேற்றம் நின்றுவிட்டது என்பதாலேயே மெடிகேர் தானாக நிறுத்திவிடாது. இருக்கும் நிலை மேலும் கெடாமல் காக்கத் தேர்ச்சி பெற்றவரின் கை தேவை என்று பி.டி. காரணத்தோடு எழுதினால் சிகிச்சை தொடரலாம். பார்க்கின்சன் நோயுள்ளவர்களின் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது மிகவும் அவசியம். முடித்து அனுப்பும் நாளில் கடைசியாக அளந்த மடக்குக் கோணம், நடை வேகம், வீட்டுப் பயிற்சிப் பட்டியல் ஆகியவற்றின் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு மதுரையிலோ திருச்சியிலோ உள்ள இயன்முறை மருத்துவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தத் தாளே அவருக்குச் சொல்லும்.